வூஃபரும் நாலு தறியும்

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் எங்கள் வீட்டில் மூன்று கட்சிகள் உருவாயின. அம்மா கம்மல் கட்சி. தம்பி பைக் கட்சி. பழைய பைக்காக இருந்தாலும் பரவாயில்லை என்கிற தாராள மனசு அவனுக்கு. நான் ஹோம் தியேட்டர் கட்சி. போனஸ் என்னுடையது என்பதால் என் கட்சிதான் ஜெயித்தது.

"கட்டிக் குடுக்கற வயசுல காதுக்கு ஒண்ணு வாங்குவாளா, கூடத்துக்கு டப்பா வாங்குவாளா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். கேள்வி என்னிடம் இல்லை, கொதிக்கிற குழம்பிடம்.

அப்போது நான் செய்யார் தொழிற்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் ஆரணியிலிருந்து கம்பெனி பஸ், சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்பி வருவேன். பெல்ட்டில் வருகிற ஷூவை எடுத்துத் திருப்பிப் பார்த்துத் தையலில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அக்காவுக்கு ஷிப்ட் முடியாது என்று தம்பி கேலி செய்வான். பெல்ட்டில் வராத பொருளிலும் நான் குற்றம் கண்டுபிடிப்பேன் என்பது உண்மைதான். கோபமும் எனக்குச் சட்டென்று வரும். ஆனால் ஹோம் தியேட்டர் ஆசை கோபத்திலோ வீம்பிலோ வந்ததல்ல. அது அப்பாவுக்காக.

எங்கள் தெருவில் மாதத்துக்கு ஒரு நாள்தான் லீவு. அது ஞாயிற்றுக்கிழமை இல்லை, அமாவாசை. அன்றைக்குத் தறி ஓட்டக் கூடாது. அப்பா கைத்தறியில் பட்டு நெய்துகொண்டிருந்த காலத்திலும் அப்படித்தான். பிறகு கூடத்துக்கு ஒட்டினாற்போல் ஒரு ஷெட் போட்டு நாலு விசைத்தறி இறக்கிய பிறகும் அப்படித்தான். காலையில் தறியைத் துடைத்து எண்ணெய் விட்டுக் குங்குமம் வைப்பார். மத்தியானம் செத்துப் போனவர்களுக்குப் படையல். காக்காய்க்குச் சோறு வைத்து, வடை பாயசத்தோடு நாங்கள் சாப்பிட்டு முடித்ததும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். மேட்னி ஷோவுக்கு.

தெருவே கிளம்பும். ஆனால் அப்பா அளவுக்குச் சினிமாப் பித்துப் பிடித்த ஆள் தெருவில் கிடையாது. கவுன்டர் திறக்கும் முன்பே போய் நிற்பார். சண்டைக் காட்சியில் இரண்டு விரலை வாயில் வைத்து அவர் அடிக்கும் விசிலுக்கு நானும் தம்பியும் வெட்கப்பட்டு, உள்ளுக்குள் பெருமைப்பட்டோம். படம் முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது, நாங்களும் கூடவே உட்கார்ந்து பார்த்த அதே படத்தை முதலிலிருந்து கதையாகச் சொல்லிக்கொண்டே வருவார். அவர் சொல்வது பல சமயம் படத்தைவிட நன்றாக இருக்கும். வில்லன்களை இன்னும் கொஞ்சம் அதிகமாக அடிப்பார்.

விசைத்தறி அவர் காதை மெல்ல மெல்லத் தின்றது. முதலில் பால்காரர் மணி அவருக்குக் கேட்கவில்லை. பிறகு போன். பிறகு நாங்கள் பேசுவது. வேலூரில் ஒரு டாக்டர் சோதித்துப் பார்த்து, கீச்சுச் சத்தமெல்லாம் போய்விட்டது, கனத்த சத்தம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று சொல்லி ஒரு காது மிஷின் கொடுத்தார். அப்பா அதை ஒரு நாள் மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் போனார். நாலு தறியும் மண்டைக்குள்ளேயே ஓடுகிறது என்று கழற்றி, பீரோவில் சவர சாமான்களுக்குப் பின்னால் வைத்துவிட்டார். அதன் பிறகு அதை வெளியே எடுக்கவே இல்லை.

அப்புறமும் கொஞ்ச நாள் தியேட்டருக்கு வந்துகொண்டுதான் இருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வசனத்தையெல்லாம் அவர் காதில் திருப்பிச் சொல்வாள். அம்மாவுக்கு மெதுவாகப் பேச வராது. தறிக்காரர் வீட்டில் யாருக்கும் வராது. ஒரு அமாவாசை மேட்னியில் முன் வரிசையில் இருந்த ஒருவன் திரும்பி, "யம்மா, படம் பாக்க வந்தியா, பாடம் நடத்த வந்தியா?" என்று கேட்டான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சொன்னது அப்பாவுக்குக் கேட்கவில்லை. ஆனால் சிரித்த முகங்களைப் பார்த்தார். இடைவேளையில் வெளியே போனவர் உள்ளே வரவில்லை. படம் முடிந்து வந்து பார்த்தால் சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு அவர் தியேட்டருக்கு வரவில்லை. அமாவாசை மத்தியானங்களில் பின் அறையில் பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். மற்ற நாள்களிலும் பேச்சு குறைந்துபோயிற்று. நாங்களும்தான் குறைத்துவிட்டோம். "தண்ணி வேணுமா" என்பதையே மூன்று தடவை கத்த வேண்டியிருந்தால், கம்பெனியில் நடந்த வம்பை யார் சொல்லுவார்கள்? கூப்பிட்டால் திரும்ப மாட்டார். போய்த் தோளைத் தொட வேண்டும். வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு அப்பா எங்களை விட்டுத் தூரமாகப் போய்க்கொண்டிருந்தார். எனக்கு அது பயமாக இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் பஜாரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் மிக்ஸி ரிப்பேருக்காகக் காத்திருந்த நேரத்தில், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சின்ன அறைக்குள் ஹோம் தியேட்டர் போட்டுக் காட்டினார்கள். திரையில் ஒரு ஹெலிகாப்டர் இறங்கியது. சத்தம் என் காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்செலும்புக்கு வந்தது. செருப்புக்கு அடியில் தரை நடுங்கியது. அது எதிலிருந்து வருகிறது என்று கேட்டேன். மூலையில் கறுப்பாகக் குந்தியிருந்த ஒரு பெட்டியைக் காட்டி, "அதாங்க சப்வூஃபர்" என்றார்கள்.

அப்பாவுக்குக் காதுதானே போயிற்று, நெஞ்செலும்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். மிக்ஸியை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

தீபாவளியும் அதை ஒட்டி வந்த அமாவாசையும் முடிந்து, பஜாரில் கூட்டம் ஓய்ந்த பிறகு ஹோம் தியேட்டர் வீட்டுக்கு வந்தது. ஐந்து சின்ன ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், அப்புறம் அந்தக் கறுப்புப் பெட்டி. எல்லாவற்றையும் நானும் தம்பியும்தான் இணைத்தோம். ஒயர் ஒரு இடத்தில் போதவில்லை. தம்பி இரண்டு முனையையும் சீவி, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, தறியில் அறுந்த பாவு நூலைப் பிணைக்கிற மாதிரி முறுக்கி ஒட்டுப் போட்டான். செம்புக் கம்பிக்குச் சாம்பல் எதற்கடா என்று கேட்டேன். பழக்கதோஷம் என்றான். டேப் சுற்றச் சொன்னதற்கு, பாவுக்கு எவன் டேப் சுற்றுகிறான் என்று முணுமுணுத்துக்கொண்டே சுற்றினான்.

கத்தரிப்பூ நிற ஒயரை ஆம்ப்ளிஃபயரின் பின்னாலிருந்து எடுத்து வூஃபரில் செருக வேண்டும் என்று புத்தகத்தில் படம் போட்டிருந்தது. செருகினேன். பெட்டியை ஷெட்டுச் சுவர் ஓரமாக, கூடத்து மூலையில் வைத்தோம். மூலையில் வைத்தால் சத்தம் தூக்கலாக இருக்கும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அப்பாவைத் தோளைத் தொட்டு அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். தம்பி ஒரு படத்தைப் போட்டான். ஐந்து ஸ்பீக்கரும் நாலு பக்கமிருந்தும் பேசின. மழை பெய்தது, கண்ணாடி உடைந்தது, குதிரை ஓடியது. வூஃபர் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அப்பா மரியாதையாக உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டில் தெரியாதவர்கள் நடுவில் உட்கார்ந்திருப்பது போன்ற முகம். கொஞ்ச நேரம் கழித்து என் முழங்காலைத் தட்டி, "நல்லா கீதும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து பின் அறைக்குப் போய்விட்டார். கேட்காத ஒன்றை நன்றாக இருக்கிறது என்று எனக்காகச் சொன்னாரே, அது எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பெட்டியைத் தூக்கித் தெருவில் போட்டு உடைக்கலாம் என்று இருந்தது.

உடைக்காமல் புத்தகத்தை எடுத்தேன். தமிழைத் தவிர மற்ற எல்லா மொழியிலும் அதில் எழுதியிருந்தது. பெட்டியின் முகப்பில் சிவப்பு விளக்கு எரிந்தால் அது தூங்குகிறது என்று அர்த்தம். பின்னால் 'ஆட்டோ' என்று இருந்த சுவிட்சை 'ஆன்' பக்கம் தள்ளினேன். விளக்கு பச்சையானது. சத்தம் இல்லை. ஒயரைக் கழற்றி மாட்டினேன். வேறு ஒயர் போட்டேன். அப்புறம் ரிமோட்டில் மெனுவுக்குள் மெனுவாகப் போய்த் தேடியதில் 'சப்வூஃபர்: நோ' என்று ஒரு வரி கிடைத்தது. வாங்கி வைத்துப் பூஜை போட்டவர்களிடம் 'நோ' என்றால் எப்படி இருக்கும்? திட்டிக்கொண்டே 'யெஸ்' ஆக்கினேன். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் தம்பியைக் கூப்பிட்டுப் படத்தைப் போடச் சொன்னேன்.

அப்போதும் சத்தம் இல்லை.

"பொட்டி மேல கைய வெச்சுப் பாருக்கா, அதிருது" என்றான் தம்பி.

வைத்துப் பார்த்தேன். அதிர்ந்தது. பக்கத்தில் டிவி மேசையில் கை வைத்தேன். அதுவும் அதிர்ந்தது. ஜன்னல் கம்பி, அலமாரி, தண்ணீர்ச் சொம்பு எல்லாம் அதிர்ந்தன. "நம்ம வூட்ல இன்னாடா அதிரல?" என்றேன். ஸ்பீக்கர் துடிப்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்றால், அந்தப் பெட்டியில் அது அடிப்பக்கம் தரையைப் பார்த்து இருந்தது.

சின்னதாக ஒரு திருகி பின்னால் இருந்தது, வூஃபரின் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும். அதை நான் கொஞ்சம் வலது பக்கம் திருப்பினேன். மறுநாள் தம்பி கொஞ்சம் திருப்பினான். பார்க்க வந்த சித்தப்பா ஒரு திருப்பு. பூ கொண்டுவந்த பெண்மணிகூட விவரம் கேட்டுக்கொண்டு ஒரு திருப்பு திருப்பிவிட்டுப் போனாள். அம்மா பெட்டிக்குக் கண் பட்டுவிட்டது என்று சொல்லி, அதன் தலையில் குங்குமம் வைத்து ஒரு எலுமிச்சம் பழத்தையும் உட்கார்த்தி வைத்தாள்.

கடைசியில் கடையிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தேன். எங்களுக்குப் பக்கத்துத் தெருக்காரர்தான், அவர் வீட்டிலும் தறி ஓடுகிறது. தரையில் மண்டியிட்டுப் பெட்டியில் காதை வைத்து, டாக்டர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"டெட்டு, சிஸ்டர்."

"உள்ள இன்னா போயிருக்குது?"

"தொறந்து பாத்தாதான் தெரியும். ஜல்தியா சரி பண்ணித் தரேன்" என்று வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார். மறுநாள் மத்தியானம் கம்பெனி சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. "சிஸ்டர், கேளுங்க" என்று போனைப் பெட்டியிடம் நீட்டினார். கடகடவென்று இடி உருண்டது. அவர் கடையில் ஷோகேஸ் கண்ணாடி ஆடுவதுகூடக் கேட்டது. சாயங்காலம் பெட்டி வீட்டுக்கு வந்தது. மாட்டினார். மறுபடியும் பிணம்.

அவருக்கே குழப்பம். மறுபடி எடுத்துக்கொண்டு போனார், கடையில் மறுபடி இடித்தது, வீட்டில் மறுபடி ஊமை. "பொட்டிக்கு உங்க வூடு புடிக்கல சிஸ்டர்" என்றார். எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து உடனே தொழில் பேச்சுக்கு மாறினார். ஷெட்டைக் காட்டி, நாலு மோட்டார் கரண்டை இழுக்கிறது, வூஃபருக்கு மிச்சம் வருவதில்லை, ஸ்டெபிலைசர் போடுங்கள் என்றார். போட்டோம். எர்த் சரியில்லை என்றார். தம்பி கொல்லையில் குழி வெட்டிக் கரியும் உப்பும் கொட்டிப் புதிதாக எர்த் இறக்கினான். வியர்வையோடு வந்து, "இன்னா பேஜாருக்கா இது, இந்நேரம் ஒரு பைக் வாங்கி வேலூர் போய்ட்டு வந்திருக்கலாம்" என்றான். வூஃபர் பேசவில்லை.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஒன்றுக்கு மூன்று பேர் அந்தக் கூடத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். மெக்கானிக் "வூட்ல வேற எதுனா சத்தம் இருக்குதா?" என்று ஒரு தடவை முறையாகக் கேட்கவும் செய்தார். "ஒண்ணும் இல்லீங்க" என்று நான் சொன்னேன். அவரும் தலையாட்டினார். பொய் சொல்லவில்லை நான். அவரும் ஒன்றும் செவிடு இல்லை.

கார்த்திகை அமாவாசை அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. எனக்கும் லீவு. படையல் முடிந்து சாப்பிட்டு, எல்லோரும் வயிறு கனத்துக் கூடத்தில் கிடந்தோம். அப்பா வழக்கம்போல் பின் அறையில் பாயில் படுத்துவிட்டார். வூஃபரை மறந்துவிட்டேன் என்றே சொல்லலாம். அதன் விளக்கை அணைக்கக்கூட யாரும் அக்கறை எடுக்கவில்லை. தம்பி சும்மா ஒரு படம் போட்டான். மலைப்பாதையில் ஒரு லாரி ஜீப்பைத் துரத்துகிற படம். லாரி கிளம்பியது.

வீடு இடிந்து விழுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின. சுவரில் தொங்கிய மாதக் காலண்டர் ஆணியோடு கீழே வந்தது. எலுமிச்சம் பழம் பெட்டியின் தலையிலிருந்து குதித்துக் கூடம் முழுக்க உருண்டது. அம்மா "ஐயோ கேஸு வெடிச்சிட்ச்சு!" என்று அடுப்படிக்கு ஓடினாள். தம்பி ரிமோட்டைத் தேடித் தடவினான், கிடைக்கவில்லை.

பின் அறைக் கதவு படாரென்று திறந்தது. அப்பா. வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கண்ணெல்லாம் சிவந்து, நான் பல வருஷமாகக் கேட்காத குரலில் கத்திக்கொண்டு வந்தார்.

"எவன்டா அது? அமாவாசையில எவன்டா தறி ஓட்டறது?"

நாங்கள் யாரும் அவரைத் தொடவில்லை. யாரும் போய்க் கூப்பிடவில்லை. அப்பா தானாக எழுந்து வந்திருந்தார், ஒரு சத்தத்துக்கு.

எங்களைக் கடந்து நேராக ஷெட்டுக்குள் போனார். நாங்களும் பின்னால் ஓடினோம். நாலு தறியும் துடைத்து எண்ணெய் விட்டுக் குங்குமத்தோடு நின்றிருந்தன. அப்பா ஒவ்வொரு தறியின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார், சூடு இருக்கிறதா என்று. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, திருடன் அகப்படாத போலீஸ்காரர் மாதிரி, "தறி நின்னுகினுதான் கீது" என்றார்.

நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

தறி நின்றிருந்தது. எங்கள் தறி மட்டுமல்ல, பக்கத்து வீட்டுத் தறி, எதிர் வீட்டுத் தறி, தெருவில் இருந்த அத்தனை தறியும் நின்றிருந்தன. மெனுவில் 'யெஸ்' போட்ட அன்றைக்கே வூஃபர் பேச ஆரம்பித்துவிட்டது. அது பேசிய அதே கனத்த குரலில் சுவருக்கு அந்தப் பக்கம் நாலு தறியும் விடாமல் பேசிக்கொண்டிருந்ததால் எங்களுக்குக் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் இருக்கிறவர்களுக்கு அது சத்தமே இல்லை. அது ஓடும்போது வீடு அமைதியாக இருக்கிறது என்று சொல்வோம். அது நின்றால்தான் என்னவோ ஆகிவிட்டது என்று எழுந்து உட்காருவோம். கரண்ட் போனால் தறி நிற்கும், ஆனால் வூஃபரும் நிற்கும். ராத்திரி தறி நின்ற பிறகு எங்கள் வீட்டில் டிவி போடுவதில்லை. அம்மா விடிவதற்கு முன் எழுந்து நாடாவுக்குள் போடுகிற தார்க்குச்சியில் நூல் சுற்ற வேண்டும். அந்த மெக்கானிக்கும் இன்னொரு தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. தறி ஓடாத வேறு எந்த ஊரில் இருந்தாலும், ஒரு சின்னக் குழந்தைகூட முதல் நாளே காதைப் பொத்திக்கொண்டு காரணத்தைச் சொல்லியிருக்கும்.

கூடத்தில் லாரி இன்னும் துரத்திக்கொண்டிருந்தது. திருகியை யார் யாரோ திருப்பித் திருப்பிக் கடைசி வரைக்கும் கொண்டுபோயிருந்தோம். தம்பி அணைக்க ஓடினான். நான் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

அப்பா கூடத்துக்குள் வந்தவர், வெறுங்காலோடு தரையில் நின்றார். ஒரு அடி எடுத்து வைத்தார், நின்றார். இன்னொரு அடி வைத்தார். எங்கிருந்து வருகிறது என்று கால் சொல்லச் சொல்ல நடந்தார். பெட்டிக்கு முன் வந்து குனிந்து அதன் மேல் கையை வைத்தார். திரையைப் பார்த்தார். லாரி வளைவில் திரும்பியபோது அவர் கை அதிர்ந்தது. மறுபடி பெட்டியைப் பார்த்தார்.

"லாரியா இது?" என்றார்.

"ஆமாம்ப்பா" என்று கத்தினேன். கத்த வேண்டியதே இல்லை, என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

அவர் நாற்காலிக்குப் போகவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து பெட்டியின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டார். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். யார் யாருக்கு அண்ணன், யார் எதற்காக ஓடுகிறான் என்று அவர் காதில் சொல்ல ஆரம்பித்தாள், தொண்டை கிழிய. சண்டை வந்தது. ஒவ்வொரு குத்தும் அவர் முதுகில் விழுந்தது. ஒரு குத்துக்கு, "அப்பிடிப் போடு!" என்றார். தம்பி சிரித்தான், நான் அழுதேன், வெளிப்படையாகவே அழுதேன்.

"கேக்குதாப்பா?" என்று படம் முடிந்ததும் கையால் சைகை காட்டிக் கேட்டேன்.

"பேச்சு கேக்கல. ஆனா ஆளு வர்றது தெரியுது" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு அமாவாசையும் எங்கள் வீட்டில் மேட்னி. காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு வந்ததும் அப்பா பெட்டிக்கு முன்னால் தன் பாயை விரித்துக்கொள்வார். மற்ற நாள்களில் அந்தப் பெட்டி ஒரு முக்காலிக்குச் சமானம். தம்பி அதன் மேல் சட்டை கழற்றிப் போடுவான். அடுத்த வருஷம் ஆவணியில் எனக்குக் கல்யாணம் ஆனது. வீட்டுக்காரர் பெரணமல்லூர்க்காரர். செய்யாரில் குடித்தனம். தறிச் சத்தம் இல்லாத வீட்டில் முதல் ஒரு மாதம் எனக்குத் தூக்கம் வரவில்லை. கம்பெனி வேலை, மாமியார், பிறகு குழந்தை என்று ஆகி, அமாவாசைக்கு ஆரணி போவது நின்றே போயிற்று.

அப்பா இப்போது இல்லை. வீட்டில் தம்பி தறி ஓட்டுகிறான், இப்போது ஆறு தறி. அப்பாவை நினைக்கும்போது எனக்கு அந்தக் கார்த்திகை அமாவாசையைவிட, வேறு ஒரு நாள்தான் முதலில் வருகிறது. அது சாதாரணமான ஒரு வேலை நாள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஆரணிக்குப் போயிருந்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதே என்று டிவியைப் போட்டு உட்கார்ந்தேன். ஷெட்டில் நாலு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அப்பா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கதவருகில் வந்து நின்றார்.

"இன்னா படம்?"

திரையைக் காட்டினேன். வூஃபரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தறி ஓடுதுப்பா, ஒண்ணும் தெரியாது. அமாவாசைக்குப் பாத்துக்கலாம்" என்று அவர் காதில் கத்தினேன்.

"அமாவாசைக்கு நீ வருவியா?" என்றார்.

அந்த மாதம் வர முடியாது, அதற்கு அடுத்த மாதமும் முடியாது என்று எனக்குத் தெரியும். குழந்தையின் சட்டையைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அப்பா ஷெட்டுக்குள் திரும்பிப் போனார். அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட ஆள் வைத்துத் தறியை ஓட்டியவர். சொந்தத் தங்கை கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்ததும் வந்து தறியில் நின்றவர் என்று அம்மா இன்றைக்கும் குறையாகச் சொல்வாள். ஒரு தறியின் சத்தம் குறைந்தது. பிறகு இன்னொன்று. பிறகு மற்ற இரண்டும். வெள்ளிக்கிழமை, பட்டப்பகல், தெரு முழுக்கத் தறி ஓடுகிற நேரத்தில், எங்கள் வீடு மட்டும் நின்றது.

அம்மா மாவுக் கையோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "கரண்ட் பூட்ச்சா?" என்றாள். மேலே பார்த்தாள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஒன்றும் புரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பா வந்து தரையில் உட்கார்ந்து, பெட்டியின் மேல் கிடந்த தம்பியின் சட்டையை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, முதுகைச் சாய்த்துக்கொண்டார். என் குழந்தையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"சத்தத்தை வைம்மா" என்றார்.